இறக்கத்தில் கிடைத்த மைலேஜ்

போடிநாயக்கனூரில் மலை ஏறுவதற்கு முன்னால் பெட்ரோல் போட நிற்கிறீர்கள். ரசீது அடிக்கும் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி. கூலன்ட், பிரேக் ஆயில், வைப்பர் பிளேடு, அவற்றின் பக்கத்தில் விரல் நீளத்துக்குச் சில பாட்டில்கள். "அண்ணே, டேங்க்ல ஒண்ணு ஊத்தி விடவா? லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் கூடக் குடுக்கும். வண்டி பஞ்சு மாதிரி போகும்" என்கிறார் பங்க் பையன். (போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனதும் பங்க் 'பம்ப்' ஆகிவிடும். பாட்டில் அங்கேயும் அதேதான்.)

வாங்கி ஊற்றியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப்பேர் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வார்கள், மைலேஜ் கூடியது என்று. அவர்கள் பொய் சொல்பவர்கள் அல்லர். சிலர் நோட்டுப் போட்டுக் கணக்கே எழுதி வைத்திருப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் சோதித்தவர்கள் சொல்வதோ வேறு. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பெட்ரோலை மிச்சப்படுத்துவதாகச் சொல்லி விற்ற 100க்கும் மேற்பட்ட கருவிகளையும் மருந்துகளையும் ஆராய்ந்தது. மிகச் சிலவற்றில்தான் பலன் தெரிந்தது, அதுவும் சொற்பம். சிலவற்றால் புகைதான் கூடியது.

நோட்டு எழுதியவரும் பொய் சொல்லவில்லை, ஆய்வுக்கூடமும் பொய் சொல்லவில்லை என்றால், அந்த இரண்டு கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது?

எரிபொருளில் கலக்கும் இந்தச் சரக்கை அடிட்டிவ் என்பார்கள். மருந்தில் சேரும் சரக்கை நாட்டு வைத்தியர்கள் சேர்மானம் என்பதுபோல, நாமும் இந்த அத்தியாயத்தில் இதைச் சேர்மானம் என்றே அழைப்போம்.

ஒரு லிட்டரில் ஆனைமுடி

ஒரு லிட்டர் பெட்ரோலில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது? எண்ணாகச் சொன்னால் மனதில் நிற்காது. ஆட்களோடு சேர்த்து 1200 கிலோ எடையுள்ள ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டரின் ஆற்றலில் ஒரு சொட்டுகூட வீணாகாமல் அந்தக் காரைச் செங்குத்தாகத் தூக்க முடிந்தால், ஏறக்குறைய 2700 மீட்டர் தூக்கலாம். இடுக்கி மாவட்டத்து ஆனைமுடியின் உயரம் 2695 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரம் வரை ஒரு முழுக் காரைத் தூக்கிக் கொண்டுபோய் வைக்கும் ஆற்றல், கைக்கு அடக்கமான ஒரு லிட்டருக்குள் இருக்கிறது.

நடப்பில் அப்படி நடப்பதில்லை. 100 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால், தோராயமாக 30 ரூபாய் சைலன்சர் வழியாகச் சூடாக வெளியே போகிறது. இன்னொரு 30 ரூபாய் ரேடியேட்டரைச் சூடாக்கிக் காற்றோடு போகிறது. இன்ஜினுக்குள்ளும் கியர் பெட்டியிலும் உராய்வு தின்பது, சிக்னலில் சும்மா நின்று ஓடுவது என்று இன்னும் கொஞ்சம். சக்கரத்துக்கு வந்து சேர்வது 20, 25 ரூபாய்.

"பாருங்கள், முக்கால்வாசி வீணாகிறது, அதைத்தான் எங்கள் பாட்டில் மீட்டுத் தருகிறது" என்பார் விற்பவர். இங்கேதான் சூட்சுமம். வீணாவது எரியாத பெட்ரோல் அல்ல, எரிந்து முடிந்த பெட்ரோலின் சூடு. நல்ல நிலையில் இருக்கும் இன்றைய பெட்ரோல் இன்ஜினுக்குள் போகும் எரிபொருளில் 98 விழுக்காடு போல அங்கேயே எரிந்துவிடுகிறது. 'முழுமையாக எரிய வைக்கும்' என்று பாட்டிலின் மேல் அச்சடித்திருப்பது முழுக்க உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அதற்கு மிச்சம் இருப்பது ஒன்றிரண்டு விழுக்காடுதான். அடுப்பில் விறகு நன்றாகத்தான் எரிகிறது. சூடு பானையில் ஏறாமல் பக்கவாட்டில் போகிறது. விறகில் எதைத் தடவினாலும் அதைத் தடுக்க முடியாது, அடுப்பைத்தான் மாற்றிக் கட்ட வேண்டும்.

100 மில்லியும் 4 லிட்டரும்

100 மில்லி பாட்டிலை 40 லிட்டர் டேங்கில் ஊற்றினால் 10 விழுக்காடு மைலேஜ் கூடும் என்கிறார் ஒருவர். 40 லிட்டரில் 10 விழுக்காடு என்பது 4 லிட்டர். ஆக, 100 மில்லி திரவம் 4 லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்ய வேண்டும், தன் அளவைப்போல 40 மடங்கு. அப்படி எரியும் திரவம் எதுவும் உலகத்தில் இல்லை. இருந்தால் அதையே டேங்க் நிறைய ஊற்றிக்கொண்டு போகலாமே, பெட்ரோல் எதற்கு?

இந்த ஆசைக்கு நம் பக்கத்தில் ஒரு பெரியண்ணன் உண்டு. இடுக்கி மலைக்கு இந்தப் புறம், ராஜபாளையம் வட்டாரத்து ராமர் பிள்ளை 1996இல் மூலிகையையும் தண்ணீரையும் கொதிக்க வைத்துப் பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னதும், நாடே வாய் பிளந்து பார்த்ததும் பலருக்கு நினைவிருக்கும். தண்ணீர் ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். ஹைட்ரஜன் எரிந்து மிஞ்சும் சாம்பல்தான் அது. சாம்பலை மறுபடி விறகாக்க, எரிந்தபோது வந்த ஆற்றலைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். சட்டிக்கு அடியில் இருந்த அடுப்பால் ஆகிற காரியம் இல்லை. அவர் விற்றது பெட்ரோலிய ரசாயனங்களின் கலவை என்று சி.பி.ஐ. வழக்குத் தொடர்ந்தது. 2016 அக்டோபரில் சென்னை நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. பாட்டில் விற்பவர்களை அந்த வரிசையில் வைக்கக் கூடாதுதான். ஆனால் கேட்பவர் மனதில் இரண்டும் தொடும் இடம் ஒன்றே.

போடிமெட்டுக்காரரின் நோட்டு

ஒரு ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். போடிமெட்டில் வீடு, போடியில் ஏலக்காய் வியாபாரம். சின்னக் கார். "500 ரூபாய்க்கு எத்தனை கிலோமீட்டர்?" என்று சட்டைப்பை நோட்டில் எழுதும் பழக்கம் உண்டு. ஒரு வாரம் மழை, மூட்டையும் அதிகம். 500 ரூபாய்க்கு 61 கிலோமீட்டர்தான் வந்தது. வண்டி குடிக்கிறது என்று வயிறு எரிந்து பாட்டில் வாங்கி ஊற்றினார். அடுத்த 500 ரூபாய்க்கு 78 கிலோமீட்டர்! நூற்றுக்கு 28 கூடுதல். இனி யார் சொன்னாலும் கேட்பாரா?

அவர் நோட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்போம்.

முதலில் ரூபாய். எல்லையில் இருப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி, கேரளத்தில் பெட்ரோல் விலை கூடுதல். லிட்டர் அந்தப் பக்கம் 107, இந்தப் பக்கம் 102 என்று வைத்துக்கொள்வோம். அந்த மழை வாரம் அவர் கேரளத்துப் பூப்பாறைப் பக்கம் போட்டார், 500 ரூபாய்க்குக் கிடைத்தது 4.67 லிட்டர். பாட்டில் வாரம் போடியில் போட்டார், 4.9 லிட்டர். லிட்டர் கணக்கில் பார்த்தால் 13 கிலோமீட்டர் 16 ஆகியிருக்கிறது, 28 விழுக்காடு இப்போதே 22 ஆகிவிட்டது. காணாமல் போன ஆறும் இரண்டு மாநில வரிக்கு நடுவில் இருக்கிற வேறுபாடு. சேர்மானத்துக்கு அதில் பங்கு இல்லை.

அடுத்தது மலை. போடியிலிருந்து போடிமெட்டுக்குச் சாலை சுமார் 25 கிலோமீட்டர், ஏற்றம் ஏறத்தாழ 1000 மீட்டர். ஒரு லிட்டரின் முழு ஆற்றல் காரை 2700 மீட்டர் தூக்கும் என்றோம். அதில் கால் பங்குதான் சக்கரத்துக்கு வரும் என்பதால், நடப்பில் ஒரு லிட்டருக்கு 680 மீட்டர் போலத்தான் ஏற முடியும். அப்படியானால் 1000 மீட்டர் ஏறுவதற்கு மட்டும் ஒன்றரை லிட்டர். இது உயரத்துக்கான கூலி. தூரத்துக்கான கூலி தனி. சமதளத்தில் லிட்டருக்கு 18 கொடுக்கும் வண்டிக்கு 25 கிலோமீட்டருக்கு 1.4 லிட்டர். மொத்தம் 2.9 லிட்டர். ஏறும்போது அந்த வண்டியின் மைலேஜ் 8.6.

இறங்கும்போது? இன்றைய கார்களில் கியரில் வைத்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்ற வைக்கிறது. அடிவாரத்துச் சமதளத்தையும் சேர்த்து 0.4 லிட்டர் செலவு என்று வைத்தால் மைலேஜ் 62! (இறக்கத்தில் நியூட்ரல் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்ப்பரேட்டர் காலத்தில் அதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இன்றைய வண்டியில் நியூட்ரல் போட்டால்தான் இன்ஜின் தனியாக ஓடப் பெட்ரோல் குடிக்கும். மிச்சமும் இல்லை, பிரேக்கும் சூடாகி மழுங்கும். கொண்டை ஊசி வளைவில் இரண்டும் வேண்டாத விஷயம்.)

8.6க்கும் 62க்கும் சராசரி 35 என்று மனக்கணக்குப் போட்டுவிடாதீர்கள். 50 கிலோமீட்டருக்கு 3.3 லிட்டர், ஏறி இறங்கினால் 15தான். ஏறினதில் கொடுத்ததை இறங்கினதில் முழுசாக வாங்க முடியாது, பிரேக்கில் கொஞ்சம் போய்விடும்.

இப்போது நோட்டுக்கு வருவோம். 500 ரூபாய் பெட்ரோல் அவருக்கு ஒன்றரை நடைக்குக் கிட்டத்தட்ட வரும். மேலே நின்று கணக்கைத் தொடங்கினால் இறக்கம், ஏற்றம், மறுபடி இறக்கம். கீழே நின்று தொடங்கினால் ஏற்றம், இறக்கம், மறுபடி ஏற்றம். இந்த மூன்று பகுதியையும் முழுசாக ஓட்டினால் முதல் வகையில் 75 கிலோமீட்டருக்கு 3.7 லிட்டர், லிட்டருக்கு 20. இரண்டாம் வகையில் அதே 75க்கு 6.2 லிட்டர், லிட்டருக்கு 12. வண்டி அதே, ஆள் அதே, சாலை அதே, பெட்ரோலும் அதே. எங்கே நின்று எண்ணத் தொடங்கினோம் என்பது மட்டும் மாறியது. அவர் பார்த்த 13ம் 16ம் இந்த 12க்கும் 20க்கும் நடுவில் சௌகரியமாக அடங்கிவிட்டன. கணக்கை முடித்த இடமும் நிச்சயம் இல்லை. சரிவில் டேங்குக்குள் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கும், மிதவை ஏமாறும், ரிசர்வ் விளக்கு முன்பின்னாக எரியும்.

கடைசியாக, எப்போது வாங்கினார் என்று பாருங்கள். மழை, மூட்டை, மூடுபனியில் முதல் கியர், மனசுக்குக் கஷ்டமான எண். அந்த வாரம்தான் வாங்கினார். மிக மோசமான வாரத்துக்கு அடுத்த வாரம் பெரும்பாலும் அதைவிட நன்றாகவே இருக்கும், ஒன்றும் செய்யாவிட்டாலும். புள்ளியியலில் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். சளிக்கு மருந்து சாப்பிட்டால் ஏழு நாள், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம் என்று நம் ஊரில் சொல்வதும் இதைத்தான். வண்டி நன்றாக ஓடும் வாரத்தில் யாரும் பாட்டில் வாங்குவதில்லை. அதனால் பாட்டிலுக்குப் பின்னால் நல்ல வாரம் வருவது விதிபோல் நடக்கிறது.

மிதிக்கும் காலையும் மறந்துவிட வேண்டாம். 300 ரூபாய் கொடுத்து மருந்து ஊற்றியவர் அடுத்த சில நாள் மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். ஆக்சிலேட்டரைப் பூப்போல மிதிப்பார். அந்த மிச்சம் நிஜமானது, நோட்டிலும் ஏறும்.

வாளையார் காற்று

மலை இல்லாத பக்கம் இந்தத் தொல்லை இல்லை என்று பாலக்காட்டுக்காரர் சொல்லலாம். அவருக்கு வேறு தொல்லை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்த வாசல் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடல் காற்று அந்த வாசல் வழியாகக் கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் புகுந்து அடிக்கும். பனிக்காலத்தில் திசை மாறிக் கிழக்கிலிருந்து உலர்காற்று வீசும். கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளை நட்டு வைத்தது சும்மாவா?

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்கு எதிரே 20 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால், வண்டி 100 வேகக் காற்றைக் கிழித்தாக வேண்டும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் குணமுள்ளது. அந்தத் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். அதே காற்று முதுகில் அடித்தால் பாதியை ஒட்டி இறங்கிவிடும். ஆடி மாதம் பாலக்காட்டிலிருந்து வாளையார் தாண்டிக் கோவைக்குப் போகும்போது பார்த்த மைலேஜை, திரும்பி வரும்போது பார்த்ததோடு ஒப்பிட்டால் எந்தப் பாட்டிலும் தோற்றுவிடும்.

அழுக்கு இருந்தால்தான் சோப்பு

அப்படியானால் பாட்டிலுக்குள் இருப்பது வெறும் தண்ணியா? இல்லை. நல்ல சேர்மானங்களில் மண்ணெண்ணெய் வகைக் கரைப்பானும், அதில் கொஞ்சம் கழுவும் பொருளும் இருக்கும். இன்ஜெக்டரின் முனை மயிரிழை மாதிரித் துளை. நாளாக ஆக அதில் பிசின்போல் படிவு ஒட்டும், வால்விலும் கரி ஏறும். பூத்தூறலாக வர வேண்டிய பெட்ரோல் ஒழுகலாக வந்தால், எரிவதும் கெடும், இழுவையும் கெடும். கழுவும் பொருள் அந்தப் படிவைக் கரைத்து எடுத்துவிடும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடி, மேடு ஏறத் திணறும் வண்டியில் இதனால் இழந்த மைலேஜ் திரும்பலாம்.

இழந்தது திரும்பும், புதிதாக வராது. துவைத்த வேட்டியை மறுபடி சோப்புப் போட்டால் இன்னும் வெள்ளையாகுமா? இரண்டு வருட வண்டிக்கு மாதம் ஒரு பாட்டில் ஊற்றுவது அந்த வேலை. 300 ரூபாய் பாட்டில், 40 லிட்டர் டேங்க் என்றால், போட்ட காசு திரும்பவே 7 விழுக்காடு மைலேஜ் கூட வேண்டும்.

ஆக்டேன் எண் கூடிய பெட்ரோலையும் இந்த இடத்தில் சேர்த்துப் பார்த்துவிடலாம். இரண்டாவது கியர் கேட்கும் மேட்டில் மூன்றாவதிலேயே இழுத்தால் இன்ஜின் 'கடகட'வென்று தட்டும் அல்லவா, மெக்கானிக்குகள் நாக்கிங் என்பது? பொறியிலிருந்து பரவும் சுடர் எட்டுமுன் பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளும் சத்தம் அது. அப்படிப் பற்றாமல் அழுத்தத்தைத் தாங்கும் குணத்தைத்தான் ஆக்டேன் எண் காட்டுகிறது. அது பொறுமையின் அளவு. ஆற்றலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 91 போதும் என்று வடிவமைத்த இன்ஜினுக்கு 100 ஊற்றினால், அந்த அதிகப் பொறுமைக்கு அங்கே வேலை இல்லை.

நிஜமாகவே மைலேஜ் கொடுத்த ஒன்று

வரலாற்றில் ஒரு சேர்மானம் சொன்னதைச் செய்தது. 1921 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, ஈயம் கலந்த ஒரு சேர்மத்தைத் துளி சேர்த்தால் தட்டல் நின்றுவிடுவதைக் கண்டார். லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவான ஈயமே போதுமாக இருந்தது.

அதுவும் டேங்கில் ஊற்றியதும் மைலேஜ் கூடிய கதை அல்ல. தட்டல் பயம் போனதால் பொறியாளர்கள் இன்ஜினுக்குள் காற்றையும் பெட்ரோலையும் முன்னைவிட இறுக்கி அழுத்தத் துணிந்தார்கள். இறுக்கி எரித்தால் அதே பெட்ரோலிலிருந்து அதிக வேலை வாங்கலாம். அடுப்பைத்தான் மாற்றிக் கட்ட வேண்டும் என்று சொன்னேனே, அது இதுதான். மைலேஜ் கூடியது புது இன்ஜினால், ஈயம் அதற்கு வழி விட்டது.

விலையைக் குழந்தைகள் கொடுத்தார்கள். சைலன்சர் வழியாக வந்த ஈயம் தெருப்புழுதியில் படிந்து, இரத்தத்தில் கலந்து, வளரும் மூளையைப் பாதித்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் ஈயப் பெட்ரோல் முடிவுக்கு வந்தது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. ஒரு நூற்றாண்டு.

கேட்காமலே ஊற்றப்படுவது

ஈயம் விட்ட இடத்தை இன்று ஒரு பகுதி நிரப்புவது எத்தனால். 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. கரும்பு, அரிசி, மக்காச்சோளம் என்று வயலிலிருந்து வரும் இதற்கு ஆக்டேன் எண் அதிகம். ஆனால் லிட்டருக்கு ஆற்றல் பெட்ரோலைப்போல மூன்றில் இரண்டு பங்குதான். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால், அதில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பெருக்கினால் சுத்தப் பெட்ரோலைவிட இ20இல் 6, 7 விழுக்காடு ஆற்றல் குறைவு. 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும், எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 விழுக்காட்டுக் கலவைக்குத் திருத்தி அமைத்த கார்களுக்கு 6, 7 விழுக்காடு மைலேஜ் குறையும் என்றுதான் சொன்னது. 10 விழுக்காட்டுக்கு வடிவமைத்து 20க்குத் திருத்திய கார்களில் இழப்பு ஒன்றிரண்டுதான்.

ஆக, "முன்னே மாதிரி வண்டி மைலேஜ் தரலை" என்பவர் சொல்வதில் இப்போது உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் குறையைப் பாட்டிலால் நிரப்ப முடியாது. குறைந்தது ஆற்றல், அழுக்கு சேர்ந்ததால் வந்த குறை அல்ல.

சீட்டு யாரிடம்?

இவ்வளவு சொன்ன பிறகும் "என் வண்டிக்கு வேலை செய்யுது" என்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு சோதனை போதும்.

ஆய்வகத்தில் காரை உருளைகள் மேல் ஏற்றி, காற்றும் மேடும் இல்லாமல், நொடிக்கு நொடி குறித்து வைத்த வேகத்தில் ஓட்டுவார்கள். நம்மிடம் உருளை இல்லை, ஒரே பங்க் இருக்கிறது. அதே பம்பில், அதே இடத்தில் நிறுத்தி, முனை 'டக்'கென்று தானாக நின்றதும் கையை எடுத்துவிடுங்கள். "ரவுண்டா போட்டுரலாம்ணே" என்று பையன் மேலும் இரண்டு அழுத்து அழுத்த விடாதீர்கள். அந்த இரண்டு அழுத்தில் அரை லிட்டர் போகும். 10 லிட்டர் ஓட்டத்தில் அது 5 விழுக்காடு, பாட்டில் தருவதாகச் சொன்ன லாபத்தில் பாதி. அதனால் டேங்க் ஏறக்குறைய காலியாகும்வரை ஓட்டி, மறுபடி அதே பம்பில் நிரப்பி, எத்தனை லிட்டர் போனது என்று எழுதுங்கள். கணக்கு ரூபாயில் வேண்டாம், லிட்டரில் இருக்கட்டும். தொடங்கிய மட்டத்திலேயே முடிக்க வேண்டும், போடியில் தொடங்கினால் போடியில்.

இப்படி ஆறு டேங்க். மூன்றில் சேர்மானம், மூன்றில் அதே மாதிரி பாட்டிலில் வெறும் பெட்ரோல். எது எப்போது என்று ஓட்டுபவருக்குத் தெரியக் கூடாது. திருவுளச்சீட்டுப் போட்டு வரிசையை வீட்டு அம்மா முடிவு செய்யட்டும், அவரே ஊற்றட்டும், சீட்டை அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அடியில் வைத்துக்கொள்ளட்டும். ஆறாவது டேங்க் முடிந்து நோட்டில் ஆறு எண்ணும் ஏறிய பிறகு, "இந்த மூணுதான் மருந்து ஊத்துனது" என்று நீங்கள் வட்டம் போட்டுக் காட்டுங்கள். அதற்குப் பிறகு கடுகை விலக்கலாம்.